அக்கி ஒட்டுவாரொட்டியா? வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் என்ன செய்வது: முழு வழிகாட்டி

போன வருஷம் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய மறுநாள், எங்கள் அம்மாச்சிக்கு அக்கி வந்தது. வயது 71, பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். வலது விலாவில் தொடங்கி முதுகு வரைக்கும் ஒரு பட்டை மாதிரி, சிவந்து, நடுநடுவே நீர் கோத்த கொப்புளம். திருவிழாவுக்கு வந்த கூட்டம் அப்போது இன்னும் வீட்டில்தான் இருந்தது: ஐந்து மாதக் கர்ப்பத்தோடு அக்கா, அவளுடைய நாலு வயசுப் பையன், திருமங்கலத்துப் பெரியம்மா, இன்னும் இரண்டு பேர். கொப்புளத்தைப் பார்த்த அரை மணி நேரத்தில் அம்மாச்சியின் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின, பாய் திண்ணைக்குப் போனது, பேரனைப் பக்கத்தில் விடவில்லை. ஆனால் முதுகில் மருந்து தடவும் வேலை மட்டும், "நீதான் பதமாத் தடவுவ" என்று அக்காவின் கைக்கு வந்தது.

தள்ளி வைக்கத் தேவையில்லாத கிழவியைத் தள்ளி வைத்துவிட்டு, தொடவே கூடாத ஒருத்தியைத் தொட வைத்திருக்கிறோம். அன்று ராத்திரி யாருக்கும் அது தெரியாது.

"ஏத்தா, எனக்கென்ன ஒட்டுவாரொட்டியா வந்திருக்கு, தட்டக்கூடத் தனியா வைக்கிறீக?" என்று அம்மாச்சி கேட்டதற்கு அப்போது எங்களிடம் பதில் இல்லை. பதில் இதுதான். அக்கி அக்கியாக யாருக்கும் ஒட்டாது. ஆனால் அந்தக் கொப்புளத்து நீர், இதுவரை சின்னம்மை வராத, சின்னம்மைக்கு ஊசியும் போடாத ஒருவர் மேல் பட்டால், அவருக்குச் சின்னம்மையாக வரலாம். ஆகவே "அக்கி ஒட்டுமா" என்று கேட்பதைவிட "இந்த வீட்டில் சின்னம்மை வராதவர் யார்" என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஏன் இப்படி?

இரண்டுக்கும் கிருமி ஒன்றே. வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ் என்று பெயர். முதல் தடவை உடம்புக்குள் வரும்போது சின்னம்மையாக வருகிறது. முத்து இறங்கி, வேப்பிலை போட்டுத் தண்ணி ஊற்றி, "ஆத்தா போயிட்டா" என்று நாம் நிம்மதியானாலும் கிருமி போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. முப்பது வருஷமோ ஐம்பது வருஷமோ கழித்து, வயதாலோ சர்க்கரையாலோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது, படுத்திருந்த அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டையாக, நடுக்கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது.

இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் குடும்ப டாக்டராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கிக்காரர்களை 16 வருஷம் கணக்கெடுத்து 1965-ல் இதைத் தெளிவாக எழுதினார். சின்னம்மை சீசன் பார்த்து அலை அலையாக வரும், அக்கியோ வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். பக்கத்து ஆளிடமிருந்து தொற்றி வருவதாக இருந்தால் அதுவும் கூட்டமாகத்தானே வந்திருக்க வேண்டும்? அம்மாச்சிக்கு வந்த அக்கி அவருடைய சொந்தச் சரக்கு, சின்ன வயசில் உள்ளே போனது. திருவிழாக் கூட்டத்தில் யாரிடமிருந்தும் வாங்கி வந்ததல்ல.

முதல் படி: இது அக்கிதானா என்று பார்ப்பது

அம்மாச்சிக்குக் கொப்புளம் வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே விலாவில் வலி. எரிச்சல், சுள்சுள்ளென்று குத்தல், சேலை பட்டாலே ஆகவில்லை. "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லிப் பூண்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தோம், தைலம் போட்டோம். இடது பக்கம் வந்திருந்தால் நெஞ்சுவலி என்று ஈசிஜி எடுக்க ஓடியிருப்போம், நிறையப் பேர் ஓடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை. அப்புறம் சிவப்பு, அப்புறம் கொத்தாகக் கொப்புளம். ஊரில் இதற்குச் சொல்லும் முதல் காரணம் சிலந்தி. "ராத்திரி சிலந்தி ஊர்ந்திருக்கும்" என்று எதிர்வீட்டு அத்தை அடித்துச் சொன்னார்.

ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, முன்னாலேயே வலி அல்லது எரிச்சல், பிறகு கொத்துக் கொத்தாய் நீர்க்கொப்புளம்: இந்த நான்கும் சேர்ந்தால் பெரும்பாலும் அக்கிதான். தோல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், பெரும்பாலும் டெஸ்ட் எதுவும் வேண்டியிருக்காது.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். உதட்டோரம் காய்ச்சலுக்குப் பிறகு வரும் கொப்புளத்தையும் சிலர் அக்கி என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அது அதுவாகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும், குறிப்பாக முத்தம் கொடுப்பதில். இங்கே எழுதியிருக்கும் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

இரண்டாம் படி: 72 மணி நேரம்

மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் நோயாளியை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். வழக்கமாக எழுதுவது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம், 3 வேளை, 7 நாள். கிட்னிக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அதனால் யாரோ ஒருவரின் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். புதுக் கொப்புளம் வருவது சீக்கிரம் நிற்கிறது, பக்குக் கட்டுவது சீக்கிரம் நடக்கிறது, அதனால் அடுத்தவருக்குப் போகும் நாட்களும் குறைகின்றன. நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதே வீட்டுக்கும் ஒரு காவல்.

நாங்கள் முதல் நாளை ஒரு களிம்பில் வீணாக்கினோம். பேர் தெரிந்த மருந்துக்கடைதான், "அலர்ஜி" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள், அதைத்தான் அக்கா தடவினாள். அட்டைப்பெட்டியில் பிறகு படித்தால் ஸ்டீராய்டு கலந்தது. அக்கிக்கு அது கூடாது.

மதுரையில் இருப்பவர்களுக்கு வசதி குறைவில்லை. பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் பார்த்துவிடலாம். கிராமத்தில் இருந்தால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், நாள் கடத்தாமல்.

மூன்றாம் படி: எந்த நாள் ஆபத்து, எந்த நாள் இல்லை

வலி மட்டும் இருக்கிற நாட்களில் யாருக்கும் எதுவும் போகாது. கொப்புளம் வந்த நாளிலிருந்து, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பக்குக் கட்டும் வரை போகலாம். சாதாரணமாக 7 முதல் 10 நாள். பக்குக் கட்டிய பிறகு ஒன்றுமில்லை. பக்கு உதிர்ந்து தோல் தெளிய 2 முதல் 4 வாரம் ஆகும், வலி அதைத் தாண்டியும் நிற்கலாம், ஆனால் வலி இருப்பதால் ஒட்டும் என்று அர்த்தமில்லை. இதில்தான் நிறைய வீடுகளில் தப்பு நடக்கிறது: பக்கு விழுந்து மூன்று வாரம் ஆன பின்னும், வலி போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பேரப்பிள்ளையைக் கிட்டே விடுவதில்லை.

எப்படிப் போகும்? கொப்புளத்து நீர் நேரடியாகப் படுவதால், அல்லது அந்த நீர் பட்ட துணி உடனே இன்னொருவர் மேல் படுவதால். இருமலில், தும்மலில், பேச்சில், ஒரே தட்டில் சாப்பிடுவதில், ஒரே கழிப்பறையில் சாதாரண அக்கி பரவுவதில்லை. சின்னம்மை காற்றில் பரவும், ஒரே வீட்டில் இதுவரை வராதவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைப் பிடித்துவிடும். அக்கிக்கு அந்த வேகம் கிடையாது, கொப்புளத்தை மூடி வைத்தால் இன்னும் குறையும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கீமோ எடுப்பவர், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர், எச்.ஐ.வி. உள்ளவர், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர் போன்றோருக்கு அக்கி வந்தாலோ, அல்லது யாருக்காக இருந்தாலும் ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பின் பல இடங்களில் கொப்புளம் கிளம்பினாலோ, அதைச் சின்னம்மை மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது காற்றிலும் பரவும். தனி அறை வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், ஓ.பி. வரிசையில் கர்ப்பிணிகளுக்கு நடுவே உட்கார வைக்கக்கூடாது.

நான்காம் படி: வீட்டின் அம்மைக் கணக்கு

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு பேப்பரை எடுத்து வீட்டில் இருப்பவர், அடிக்கடி வந்துபோகிறவர் எல்லார் பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் சின்னம்மை வந்திருக்கிறதா, ஊசி போட்டிருக்கிறதா என்று குறியுங்கள்.

கேட்கும்போது "அம்மை வந்திருக்கா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். நம்மூரில் அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு நோய் இருக்கிறது. மணல் தூவியது மாதிரி வருவது மணல்வாரி, அதாவது தட்டம்மை. கன்னமும் தாடையும் வீங்குவது அம்மைக்கட்டு, சிலர் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் வேப்பிலை கட்டினோம், எல்லாவற்றுக்கும் தண்ணி ஊற்றினோம், அதனால் ஞாபகத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். "உடம்பெல்லாம் நீர் கோத்த முத்து போட்டுச்சா? தழும்பு எங்காவது இருக்கா? எத்தனை தண்ணி ஊத்துனீங்க? எந்த வருஷம்?" இப்படிக் கேளுங்கள். எனக்கு இரண்டாம் வகுப்புக் கோடை லீவில் வந்தது என்றும் மூன்று தண்ணி ஊற்றினார்கள் என்றும் அம்மா வாய் மூடாமல் சொன்னார், நெற்றியில் ஒரு குழித்தழும்பும் சாட்சிக்கு இருக்கிறது. சரி, நான் கணக்கில் தேறிவிட்டேன்.

அக்கா விஷயத்தில் அம்மா "அவளுக்கும் அம்மை வந்துச்சே, நாலாவது படிக்கும்போது" என்றார். நாங்களும் பெருமூச்சு விட்டோம். பெரியம்மாதான் வெற்றிலையை மடித்துக்கொண்டே குறுக்கே புகுந்தார்: "அது அம்மைக்கட்டுல்ல? ரெண்டு கன்னமும் பூசணிக்கா மாதிரி வீங்கி, மூணு நாளு கஞ்சிதான் குடிச்சா. முத்து எங்கடி போட்டுச்சு?" அவ்வளவுதான், வீடு அமைதியாகிவிட்டது.

தழும்பை வைத்தும் ஏமாந்து போகாதீர்கள். அம்மாச்சி வயதுக்காரர்களின் கையில் இருக்கும் வட்டத் தழும்பைக் காட்டி "எனக்கு அம்மை குத்தியாச்சு" என்பார்கள். அது பெரியம்மைக்குக் குத்தியது. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவித்துவிட்டார்கள், அந்த ஊசிக்கும் சின்னம்மைக்கும் சம்பந்தமே இல்லை. இளவட்டங்களின் இடது தோளில் இருப்பதோ பி.சி.ஜி., காசநோய்க்குப் போட்டது. குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் "அம்மை ஊசி" என்று போடுவது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. சின்னம்மை ஊசி அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியார் குழந்தை டாக்டரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும், இரண்டு டோஸ். ஆகவே "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்ற பதில் போதாது. தடுப்பூசி அட்டையை எடுத்து, வேரிசெல்லா என்று எழுதி எதிரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அக்கா பையனுடைய அட்டையில் இரண்டு தேதி இருந்தது, திருப்பூர் டாக்டருக்குப் புண்ணியம்.

வளர்ந்தவர்கள்தானே, எப்படியும் வந்திருக்கும் என்று விடவும் முடியாது. ஊசி பரவலாவதற்கு முன் குளிர்நாடுகளில் பள்ளிக்கூட வயசுக்குள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சின்னம்மை வந்துவிட்டது. நம்மைப் போன்ற வெப்பப் பிரதேசங்களில் அது தள்ளிப்போய் வாலிபத்திலும் வருகிறது, அதனால் இருபது முப்பது வயதிலும் வராதவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வந்தால் குழந்தைகளைவிடக் கடுமையாகவே படுத்தும்.

கணக்கில் சிவப்பு மையால் கோடு போட வேண்டியவர்கள்: சின்னம்மை வராத கர்ப்பிணி, பச்சைக்குழந்தை, அதிலும் குறைமாதத்தில் பிறந்தது, கீமோ, டிரான்ஸ்பிளான்ட், எச்.ஐ.வி. என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். சின்னம்மை ஏற்கெனவே வந்த கர்ப்பிணி பயப்பட வேண்டாம், அவள் மாமியாருக்குத் தாராளமாகச் சோறு போடலாம். சந்தேகமாக இருந்தால் ரத்தத்தில் வேரிசெல்லா ஐ.ஜி.ஜி. என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும். அக்காவுக்கு எடுத்தோம். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: நெகட்டிவ்.

ஐந்தாம் படி: யாராவது ஏற்கெனவே தொட்டுவிட்டால்

பதறாதீர்கள், ஆனால் தள்ளிப் போடவும் செய்யாதீர்கள். சின்னம்மை வராத, கர்ப்பம் இல்லாத, மற்றபடி ஆரோக்கியமான ஆள் தொட்டிருந்தால், 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள், சின்னம்மை ஊசி போட்டுக்கொள்வது பலன் தரும். கர்ப்பிணிக்கு அந்த ஊசி கூடாது, அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கும் கூடாது. அவர்களுக்கு டாக்டர், எதிர்ப்புப் பொருளையே நேராக உடம்புக்குள் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி தரலாம், 10 நாளுக்குள் போட வேண்டும். அல்லது வைரஸ் மாத்திரை தரலாம். எது, எப்போது என்பது எத்தனையாவது மாதம், எவ்வளவு தொட்டார் என்பதைப் பொறுத்து டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்றால், முதல் 20 வாரத்தில் தாய்க்குச் சின்னம்மை வந்தால் குழந்தைக்குக் குறைபாடு வர வாய்ப்பு இருக்கிறது. நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே, ஆனாலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தால் தாய்க்கு நிமோனியா பயம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தைக்கே கடுமையாக வரும். இன்னொன்று, கர்ப்பிணிக்கே அக்கி வந்தால் என்ன என்று கேட்பார்கள். அவள் உடம்பில் எதிர்ப்பு ஏற்கெனவே இருப்பதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து வருவதில்லை, வலிக்கு மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தொட்ட நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் சின்னம்மை தலைகாட்டும், இம்யூனோகுளோபுலின் போட்டவர்களுக்கு 28 நாள் வரை பார்க்க வேண்டும். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அவர் மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார், அதுவும் காற்றில். அதனால் அந்த இடைவெளியில் வளைகாப்பு, குழந்தை பார்க்கப் போவது, ஆஸ்பத்திரிக் கூட்டம் எல்லாவற்றையும் தவிர்ப்பது நல்லது. பாட்டியின் அக்கியைவிட, அதிலிருந்து பேரனுக்கு வரும் சின்னம்மைதான் தெருவுக்கே பரவக்கூடியது.

அக்காவுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அன்று சாயங்காலமே பெரியம்மா அவளைத் திருமங்கலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்.

ஆறாம் படி: வீட்டு ஏற்பாடு

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கொப்புளத்தின் மேல் ஒட்டாத மாதிரி காஸ் துணி வைத்து மூடி, அதற்கு மேல் தளர்வான பருத்திச் சட்டை அல்லது சேலை. மூடும் ஆள் சின்னம்மை வந்தவராக இருக்கட்டும், எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு வந்தது. மூடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இருப்பதால் சோப்புக்குத் தாங்காது. நோயாளியின் நகத்தை வெட்டிவிடுங்கள், அரிப்பில் சொறிந்தால் உடையும், சீழ் வைக்கும். துண்டு தனி, விரிப்பு தனி, தினமும் சோப்பில் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டால் போதும். தட்டு, டம்ளர், கழிப்பறை, பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பது எதற்கும் தடை இல்லை.

குளிக்கக்கூடாது என்று ஒரு கட்சி இருக்கும். குளிக்கலாம். அழுத்தித் தேய்க்காமல் ஊற்றிக்கொண்டு, துண்டை ஒற்றி எடுத்தால் சரி. ஊர்க் கிணற்றிலும் கண்மாயிலும் பலரோடு இறங்குவதை மட்டும் பக்குக் கட்டும்வரை நிறுத்தி வையுங்கள். கொப்புளம் துணிக்குள் முழுசாக மறையுமானால் வேலைக்கும் போகலாம்; முகத்தில் வந்திருந்தால் வீட்டிலேயே இருப்பது நல்லது. பால் கொடுக்கும் தாய்க்கு அக்கி வந்தால், மார்பில் கொப்புளம் இல்லாதவரை மூடிக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

அக்கி எழுதுவது பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தாத்தாவைப் பானை வனையும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் காவிக்கல்லை உரசிக் குழைத்து வைத்திருந்தார். கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றி எல்லை கட்டுகிற மாதிரிக் கோடு இழுத்து, நடுவில் சிங்கம் மாதிரி ஒன்றை எழுதினார். தாத்தா "சில்லுனு இருக்குப்பா" என்றார், எனக்கும் சிங்கம் பிடித்திருந்தது. தாத்தா எழுந்ததும் அடுத்த ஆள் உட்கார்ந்தார், அதே கொட்டாங்கச்சி, அதே இறகு. காவி குளிர்ச்சி கொடுக்கும், எரிச்சல் தணியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் நரம்புக்குள் இருக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. எப்படியும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகக் காயும் நோய் என்பதால் பெயர் காவிக்குப் போய்ச் சேருகிறது. வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் நான் சண்டை போடமாட்டேன்: முதலில் டாக்டர், மாத்திரை ஆரம்பம், அப்புறம் உடையாத இடத்தைச் சுற்றி மட்டும், புது இறகில். திறந்த கொப்புளத்தில் காவியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். காலமைன் லோஷன் அதே குளிர்ச்சியைத் தரும், விலையும் குறைவு.

ஏழாம் படி: உடனே ஓட வேண்டிய நேரம்

நெற்றி, கண் இமை, முக்கியமாக மூக்கு நுனி அல்லது மூக்கின் பக்கவாட்டில் கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டர். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போகும் நரம்பு ஒன்றே, அதனால் அங்கே கொப்புளம் என்றால் கண்ணிலும் இறங்கியிருக்கலாம், கவனிக்காமல் விட்டால் பார்வைக்கே பாதிப்பு. 1976-லிருந்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, கண்ணுக்கு விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பது நியாயமில்லை.

காதுக்குள் வலி, காது மடலில் கொப்புளம், வாய் ஒரு பக்கம் கோணுவது, தலைசுற்றல் வந்தாலும் அதே அவசரம். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், பட்டையைத் தாண்டி மற்ற இடங்களிலும் கொப்புளம், கொப்புளத்தில் சீழும் காய்ச்சலும்: இவையும் காத்திருக்க முடியாதவை.

எட்டாம் படி: பக்கு உதிர்ந்த பிறகு

சிலருக்குத் தோல் ஆறியும் வலி ஆறாது. மூன்று மாதத்தைத் தாண்டியும் நின்றால் அதற்குத் தனிப்பெயர், தனி வைத்தியம் உண்டு. கேபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் தருவார்கள். வயது கூடக்கூட இது வரும் வாய்ப்பும் கூடுகிறது. சாதாரண வலி மாத்திரையைக் கைக்கு வந்தபடி விழுங்கிக் கிட்னியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மாச்சிக்கு ஆடி பிறக்கும் வரை இருந்தது, ராத்திரிதான் அதிகம்.

அக்கிக்கும் ஊசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2023-ல் இந்தியாவுக்கு வந்தது, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ். இதில் உயிருள்ள கிருமி இல்லை, ஊசியால் அக்கி வராது. ஆய்வுகளில் 50 தாண்டியவர்களுக்கு 97 சதவீதமும், 70 தாண்டியவர்களுக்கு ஏறத்தாழ 91 சதவீதமும் காத்தது. விலைதான் கையைச் சுடும், விசாரித்து வந்த அப்பா இரண்டு நாள் பேசவே இல்லை. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், திரும்ப வருவதைத் தடுக்க. நோய் முழுசாக ஆறிய பிறகு எவ்வளவு காலம் கழித்து என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னம்மை வராத பெண்கள் கல்யாணத்துக்கு முன்போ, பிள்ளை பெற்ற பிறகோ சின்னம்மை ஊசியை முடித்துவிடுவது நல்லது. ஊசி போட்ட ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக்கூடாது.

அக்கா திருமங்கலத்தில் பெரியம்மா வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு தாளாகக் கிழித்து 21 நாளையும் எண்ணி முடித்தாள். முத்து ஒன்றும் போடவில்லை. ஆவணியில் பெண்குழந்தை, பிரசவம் முடிந்து அவளும் ஊசி போட்டுக்கொண்டாள். அம்மாச்சியின் தட்டும் டம்ளரும் மட்டும் இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கின்றன. நாங்கள் எடுத்து மற்றவற்றோடு அடுக்கி வைத்தாலும், "இருக்கட்டும்த்தா, எந்தட்டு எனக்கு" என்று அவரே எடுத்துத் தனியே வைத்துவிடுகிறார்.